மெழுகுத்துணியில் ஒரு கல் லைன்

என் மாமனாருக்குக் கடைசிக் காலத்தில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. செத்தால் தன் பெண்டாட்டிக்குப் பக்கத்தில் புதைக்க வேண்டும். இதிலென்ன பெரிய கஷ்டம் என்று கேட்பீர்கள். பெண்டாட்டியை எங்கே புதைத்தார்கள் என்பது அவருக்கே தெரியாது. அதுதான் கஷ்டம்.

அவர் சிலோனில் தேயிலைத் தோட்டத்துக் கூலியாக இருந்தபோது இங்கே அத்தை இறந்துபோனாள். மாமியாரை அவள் இவள் என்கிறேனே என்று நினைக்க வேண்டாம். அவள் செத்த வயதை நான் தாண்டி வெகுகாலம் ஆகிவிட்டது. என்னைவிடச் சின்னப் பெண்ணை ‘அவர்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் ரயில் பாதையில், ஆமத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு கரடு, சின்னப் பாறைக்குன்று, இருக்கிறது. ரயில் பாதைக்குப் போடும் ஜல்லியை ஒரு காலத்தில் அங்கேதான் உடைத்தார்கள். உடைத்த கல்லை ஏற்றிவரப் பெரிய பாதையிலிருந்து கரடு வரைக்கும் வடக்குப் பார்த்துத் தனியாக ஒரு சின்ன லைன் போட்டிருந்தார்கள். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் கல் லைன். அத்தை அந்த லைனுக்கு மண் சுமந்தவள். கைக்குழந்தையோடு லைனோரத்துக் குடிசையில் இருந்தாள். வாந்திபேதி வந்தது. கூட வேலை பார்த்த பெண்களே குழி வெட்டிப் புதைத்துவிட்டு, குழந்தையை அவள் தங்கச்சி வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அந்தக் குழந்தைதான் பிற்பாடு என்னைக் கட்டிக்கொண்டவர்.

மாமனார் ஊர் திரும்பியபோது யுத்தம் வந்து போயிருந்தது. இரும்பு வேண்டும் என்று கல் லைனின் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். குடிசைகளும் இல்லை. அந்தப் பெண்களில் ஒருத்தியை மட்டும் அவர் தேடிப் பிடித்து விசாரித்திருக்கிறார்.

“கரட்டுக்குக் கிட்டக்க கடைசிப் பாலம் இருக்கும் பாருங்கண்ணே, அங்கனதான் எங்க குடிசையெல்லாம். குடிசைக்குப் பின்னால, கெணத்த ஒட்டுனாப்புல வச்சோம். தலைமாட்டுல ஒரு கல்லு நட்டோம்” என்றாளாம்.

லைனுக்குக் கிழக்கா மேற்கா என்று இவர் கேட்கவில்லை. அழுதுகொண்டிருந்த மனுசன் திசையா கேட்பார்? பிறகு கேட்கலாம் என்று போனபோது அந்தப் பெண் பிழைப்புத் தேடி எங்கேயோ போய்விட்டாள்.

நான் கல்யாணமாகி சிவகாசிக்கு வந்தது ஐம்பதுகளின் நடுவில். அப்போதே மாமனாருக்கு இருமல் உண்டு. தீப்பெட்டி ஆபீஸில் குச்சியை மருந்தில் முக்கும் வேலை பார்த்தார். எங்கள் பக்கத்தில் தொழிற்சாலை எல்லாமே ஆபீஸ்தான். தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ், அச்சாபீஸ். கேட்டால் ஏதோ நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். நான் வெடி ஆபீஸில் தரையில் உட்கார்ந்து காகிதக் குழாய் சுருட்டினேன். என் வீட்டுக்காரர் அச்சாபீஸில் கல்லில் லேபிள் எழுதினார்.

அவர் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஒட்டுகிற லேபிளை முதலில் வழுவழுப்பான கல்லில் எழுதுவார்கள். எழுத்து, படம் எல்லாவற்றையும் இடவலம் மாற்றி எழுத வேண்டும். அப்போதுதான் காகிதத்தில் நேராக விழும். சின்ன வயதிலிருந்து இதையே செய்து செய்து, எழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் அவர் கண்ணுக்கு ஒன்றாகிவிட்டது. தமிழ், இங்கிலீஷ், இந்தி எதுவானாலும் சரி. ஒருநாள் என் சாப்பாட்டுத் தூக்கில் அடையாளத்துக்கு என் பெயரைச் சாயத்தால் எழுதிக் கொடுத்தார். ஆபீஸில் எல்லாரும் சிரிக்கிறார்கள். பெயர் திரும்பிக்கொண்டிருக்கிறது. “என்ன எழுதியிருக்கீக, கண்ணாடிய வச்சுல்ல படிக்கணும்?” என்று கேட்டேன். அவர் தூக்கை வாங்கி அப்படியும் இப்படியும் பார்த்துவிட்டு, “சரியாத்தானே புள்ள இருக்கு” என்றார். கடைசிவரை அந்தத் தூக்கில் நான் திரும்பித்தான் இருந்தேன். ஆபீஸில் யார் தூக்கு தொலைந்தாலும் என் தூக்கு தொலைந்ததில்லை.

மாமனாருக்கு இருமலோடு ரத்தமும் வர ஆரம்பித்த பிறகுதான் என் வீட்டுக்காரர் அந்த இடத்தைத் தேடத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆமத்தூர்ப் பக்கம் போவார். நானும் போய்ப் பார்த்தேன். தண்டவாளம் இருந்த மேடு மட்டும் அங்கங்கே ஆள் உயரத்துக்கு நிற்கிறது. கடைசிப் பாலமும் இருக்கிறது. இரண்டு பக்கச் சுவரும் மேலே ஒரு பலகைக்கல்லும். ஆனால் மேட்டுக்குக் கிழக்கேயும் பருத்தி, மேற்கேயும் பருத்தி. குடிசை இருந்த அடையாளம் இல்லை, கிணற்றின் அடையாளம் இல்லை. கரிசல் மண் எதையும் வைத்த இடத்தில் வைத்திருக்காது. வெயிலில் வெடித்து வாயைத் திறக்கும், மழையில் மூடிக்கொள்ளும். நடுவில் எது விழுந்தாலும் போனதுதான். பக்கத்து ஊர்க்காரர்களைக் கேட்டோம். வாந்திபேதி வந்த குடிசைப் பக்கம் அன்றைக்கு யாரும் எட்டிப் பார்க்கவே இல்லையாம்.

லைன் போட்டபோது வரைந்த படம் இருக்கும், அதைப் பார்த்தால் தெரியும் என்று யாரோ என் வீட்டுக்காரருக்குச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து படம் படம் என்று அலைந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் சிரித்தே அனுப்பிவிட்டார். “ஓடுற ரயிலுக்கே என்கிட்ட படம் கெடையாதுப்பா, ஓடாத ரயிலுக்கா?” கர்ணம் வைத்திருந்த கிராமப் படத்தில் கல் லைன் இருந்தது, ஆனால் வெறும் இரண்டு கோடு. பாலமும் இல்லை, கிணறும் இல்லை. மதுரையில் ரயில் இஞ்சினியர்களின் ஆபீஸில் எல்லாப் படமும் இருக்கும் என்று கேள்விப்பட்டு ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போனார். வாசலில் இருந்தவனே உள்ளே விடவில்லை. எதற்குப் படம் என்று கேட்டானாம். இவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார். எங்கம்மாவைப் புதைத்த இடம் பார்க்க வேண்டும் என்று. அதைக் கேட்டால் எந்த ஆபீஸ்காரன் கதவைத் திறப்பான்? வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த வாசல்காரன் மேலா, இவர் மேலா என்று தெரியவில்லை. சோற்றுப் பானையை ணங்கென்று மூடினேன்.

படம் கடைசியில் எங்கே கிடைத்தது தெரியுமா? என் வெடி ஆபீஸில், குப்பையில்.

பட்டாசுக் குழாய் சுருட்டப் புதுக் காகிதம் யார் வாங்குவார்கள்? பழைய பேப்பர்தான். எங்கெங்கோ தாலுகா கச்சேரிகளிலும் ஆபீஸ்களிலும் கழித்துப்போட்ட காகிதம் ஏலத்துக்குப் போய் லாரி லோடாக வந்து இறங்கும். கோர்ட்டு வழக்கு, பள்ளிக்கூடப் பரீட்சை, வரிக் கணக்கு எல்லாம் எங்கள் கையில் குழாயாகி, தீபாவளியன்று யார் வீட்டு வாசலிலோ வெடித்துச் சிதறும். அந்த லோடில் சில சமயம் ஒரு துணி வரும். நீலம் பாய்ந்து, மெழுகு பூசினாற்போல் பளபளவென்று, அந்தப் பக்கம் வைத்த கை இந்தப் பக்கம் தெரியும். இஞ்சினியர்கள் படம் போடுகிற துணி அது. பசை ஒட்டாது, சுருட்ட முடியாது என்று போர்மேன் ஒதுக்கிப் போடச் சொல்வார். எங்களுக்கு அதுதான் பொக்கிஷம். வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் மெழுகும் கஞ்சியும் மையும் போய், உள்ளேயிருந்து பூப்போன்ற வெள்ளைத் துணி வரும். பச்சைப்பிள்ளைக்குச் சட்டை தைக்க அதைவிட நல்ல துணி கிடையாது. நாங்கள் அதை மெழுகுத்துணி என்போம். பாலமும் பங்களாவும் வரைந்த துணியைத் துவைத்துப் போட்டுக்கொண்டுதான் எங்கள் தெருப் பிள்ளைகள் தவழ்ந்தன.

ரயில்வே ஆபீஸ் லோடு ஒன்று வந்திருக்கிறது என்று ஒருநாள் போர்மேன் சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் அந்தக் குவியலில் உட்கார்ந்தேன். அடுத்த நாளும் உட்கார்ந்தேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் மாதக்கணக்கில் என் வீட்டுக்காரர் சிலேட்டில் வரைந்து காட்டிய கோடு எனக்கு மனப்பாடம். கரட்டைப் போலச் சுற்றிலும் சின்னச் சின்னக் கீற்று, அதிலிருந்து நேராக இறங்கும் இரட்டைக் கோடு, கோட்டில் பாலங்கள். அப்படி ஒன்று கையில் வந்தது. அடிப்பக்கம் கிழிந்துபோயிருந்தது. இருக்கிற பாதியைச் சுருட்டி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

விளக்கடியில் என் வீட்டுக்காரர் அதை விரித்தார். மேலே வடக்கு காட்டும் அம்புக்குறி. பக்கத்தில் இங்கிலீஷில் எழுத்து. பார்த்த மாத்திரத்தில் படித்துவிட்டார். “ஆமத்தூர்னு போட்டிருக்கு புள்ள. ஆமத்தூர் கல் குவாரின்னு போட்டிருக்கு.” அப்புறம் விரலை வைத்துக் கோட்டின் வழியே போனார். கரட்டுக்குப் பக்கத்துப் பாலம். அதன் வலது கைப் பக்கம் வரிசையாகச் சின்னக் கட்டங்கள். குடிசைகள். அவற்றுக்குப் பின்னால் ஒரு வட்டம். கிணறு.

கிழக்கு. லைனுக்குக் கிழக்கே.

மாமனார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். துணியைத் தொட்டுப் பார்க்கக் கேட்டார். அந்த வட்டத்தின் மேல் அவர் விரலை வைத்துக் காட்டினோம். “ஏலே, இம்புட்டுத்தானா? இம்புட்டுக்காடா இத்தன வருசம்?” என்று சொல்லி அழுதார். நாங்களும் அழுதோம். சந்தோஷமாக அழுத நாள் அது ஒன்றுதான் எனக்கு நினைவிருக்கிறது.

மேட்டுக்குக் கிழக்கே இருந்த நிலத்துக்காரர் வசதியான சம்சாரி, நிறைய வெள்ளாமை உள்ளவர். நாங்கள் துணியை விரித்து வைத்துக்கொண்டு பருத்திக்குள் நிற்பதைப் பார்த்து வேகமாக வந்தார். “வாங்க வாங்க, எந்த ஆபீஸ்ல இருந்து வந்திருக்கீக? சர்வேயா?” என்று கேட்டு, மோர் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார். ரயில் இடத்தையும் சேர்த்து உழுதிருக்கிறார், அந்தப் பயம். நாங்கள் யார், எதற்கு வந்தோம் என்று சொன்னதும், “ஏலே, அதுக்கா நிக்கீக?” என்றார். வந்துகொண்டிருந்த மோர்ச் செம்பு பாதி வழியில் திரும்பிப் போனது.

ஆனால் ஆள் மோசமில்லை. கொஞ்ச நேரம் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். “மேட்ட ஒட்டுனாப்புல ரயில்காரன் எடத்துல வச்சுக்கங்க. என் பட்டாவுல ஒரு சாண் வரக்கூடாது. இந்தத் துணிய தாலுகா ஆபீஸ் பக்கம் கொண்டு போகப்படாது, ஆமா” என்றார். படத்தில் கட்டம் போட்டிருந்த இடத்துக்குப் பின்னால் மழைத் தண்ணீர் தேங்குகிற ஒரு பள்ளம் இருந்தது. தூர்ந்த கிணறுதான் என்று முடிவு செய்துகொண்டோம். தலைமாட்டுக் கல் அகப்படவில்லை. உழுகிறவன் பிடுங்கிப் போட்டிருப்பான் என்று அதற்கும் ஒரு காரணம் கிடைத்தது. ஆசை வந்துவிட்டால் காரணத்துக்குப் பஞ்சமே இருக்காது.

மாமனாரை ஒருநாள் மாட்டு வண்டியில் அங்கே கூட்டிப் போனோம். இறக்கி, பள்ளத்து ஓரத்தில் கோணியை விரித்து உட்கார வைத்தோம். அவர் உள்ளங்கையை மண்ணில் பதித்துக்கொண்டார். எங்களை விலகி நிற்கச் சொன்னார். விலகினோம், ஆனால் காதில் விழுந்தது.

“வந்துட்டேன் பாத்துக்க. கோவிச்சுக்காத தாயி. அங்க இருந்து வரவிடல. காயிதம் போடலாம்னா எழுதத் தெரியாது, ஆள வச்சு எழுதிப் போட்டா நீ படிக்க மாட்ட. ஒன் மவன் பெரிய ஆளாயிட்டான். அவன் எழுதாத தீப்பெட்டி கெடையாது. மருமவ கொஞ்சம் வாய்க்காரி. ஆனா ஒன்னத் தேடிப் பிடிச்சது அவதான். சோறு நல்லா போடுறா.”

பேசிக்கொண்டே இருந்தார். சிலோன் குளிர், அங்கே கடித்த அட்டை, கப்பலில் திரும்பியது, வந்து கேள்விப்பட்டது, எல்லாம். இடையிடையே இருமல். இருமல் நின்றதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அந்த மனுசன் எங்களிடம் பத்து வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதில்லை. வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டிவிட்டு வரும்வரை பேசினார். திரும்பி வரும்போது அவர் முகம் தெளிந்திருந்தது. “இனி எப்பன்னாலும் சரி” என்றார்.

தீபாவளி சீசனில் போய்ச் சேர்ந்தார். எங்கள் ஊரில் சாவதற்குத் தோதில்லாத காலம் அது. ஆர்டர் நெருக்கடியில் யாருக்கும் லீவு கிடையாது. தோள் கொடுக்க ஆள் திரட்டவே பெரும்பாடாயிற்று. ஆனாலும் அவர் கேட்ட இடத்துக்கே கொண்டுபோனோம். மேட்டை ஒட்டிக் குழி வெட்டினார்கள். தலைமாட்டில் சூடம் கொளுத்தினோம். அப்போது மேட்டுக்கு மேற்கே, அந்தப் பக்கத்து நிலத்தில், நாலைந்து பேர் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தார்கள். புதுசாக ஒரு வெடிக் கம்பெனி வரப்போகிறது என்றார்கள். நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை. புருசனும் பெண்டாட்டியும் சேர்ந்துவிட்டார்கள் என்ற நிறைவில் வீடு வந்து தலை முழுகினோம்.

ஒரு வருஷம் கழித்து நான் இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தேன். பிறக்கப்போகிற பிள்ளைக்குச் சட்டை தைக்கத் துணி வேண்டும். படம் போட்ட மெழுகுத்துணி டிரங்குப் பெட்டியில் சும்மா கிடக்கிறது. அதன் வேலைதான் முடிந்துவிட்டதே. தாத்தாவும் அப்பத்தாவும் படுத்திருக்கிற இடம் வரைந்த துணி, பேரப்பிள்ளை போட்டுக்கொள்ளட்டும் என்று எனக்கு ஒரு நினைப்பு. அவரிடம் கேட்டேன். அவரும் சரி என்றார்.

அண்டாவில் வெந்நீர் ஊற்றி, நாங்கள் எப்போதும் பார்த்த மாதிரியே துணியை விரித்து, ஒரு மூலையில் கட்டைவிரலால் தேய்த்தேன். மெழுகு கரைந்து வழுக்கியது. மை வரவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். வரவில்லை.

இந்தத் துணியில் எத்தனை துவைத்திருக்கிறேன். ஒரு பக்கம்தான் மை இருக்கும். அந்தப் பக்கம் தேய்த்தால் உடனே விரலெல்லாம் கறுப்பாகும். பின்பக்கம் தேய்த்தால் ஒன்றும் வராது. கோடு அந்தப் பக்கத்திலிருந்து தெரியும், அவ்வளவுதான்.

துணியைத் திருப்பிப் போட்டுத் தொட்டேன். என் கட்டைவிரல் கறுத்துவிட்டது.

சட்டென்று கையை எடுத்துவிட்டேன். ஈரத்தோடு அதைக் கொடியில் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது. இவர் வேலை முடிந்து வரும்வரை நான் எழுந்திருக்கவில்லை, அடுப்புப் பற்றவைக்கவில்லை.

வந்ததும் சொன்னேன். “மை அந்தப் பக்கம் இருக்கு. நாம பின்பக்கத்த பாத்திருக்கோம்.”

அவருக்கு முதலில் புரியவில்லை. துணியை வாங்கி எழுத்தைப் பார்த்தார். ஆமத்தூர் என்று படித்தார். திருப்பினார். மறுபடியும் ஆமத்தூர் என்றுதான் படித்தார். அவர் கண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். எது நேர், எது திரும்பியது என்று அவரால் சொல்ல முடியவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த தீப்பெட்டியை எடுத்தார். அவரே கல்லில் எழுதிய லேபிள்தான். அதில் இங்கிலீஷ் எழுத்து உண்டு. அதைத் துணிக்குப் பக்கத்தில் வைத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டார். லேபிளில் ஒரு எழுத்து காலை வலது பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. துணியில் அதே எழுத்து இடது பக்கம் நீட்டியிருந்தது. துணியைத் திருப்பினார். இரண்டும் ஒன்றுபோல் நின்றன.

அம்புக்குறி இப்போதும் மேலேதான் பார்த்தது. குடிசைகளும் கிணறும் மட்டும் இடது கைப் பக்கம் போயிருந்தன. மேற்கே.

தீப்பெட்டியைக் கீழே வைத்தார். அப்புறம் கேட்டார்: “அப்ப அப்பா யாருகிட்ட புள்ள பேசுனாரு?”

அந்த இருமலோடு, சிலோனிலிருந்து சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் அந்த மனுசன் ஒரு மழைப் பள்ளத்திடம் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

தோண்டி எடுத்து அந்தப் பக்கம் மாற்றிவிடலாமா என்று நான்தான் கேட்டேன். மண்ணுக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுக்கக் கூடாது என்று சொந்தக்காரர்கள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள். எடுத்தாலும் எங்கே வைப்பது? மேற்கே கம்பி வேலி முடிந்து, ஷெட்டுகள் எழும்பி, கம்பெனி ஓட ஆரம்பித்துவிட்டது. நாங்கள் அவரைப் புதைத்த அன்றைக்கு அங்கே வெறும் நிலம்தான். நாலு தூண் நட்டிருந்தார்கள், அவ்வளவே. இந்தப் பக்கம் வெட்டிய குழியை அந்தப் பக்கம் வெட்டியிருக்கலாம்.

பிள்ளை பிறந்து தீட்டுக் கழிந்த பிறகு இரண்டு பேரும் அந்தக் கம்பெனி வாசலுக்குப் போனோம். பையில் வாழைப்பழம், வெற்றிலை, சூடம், ஒரு அகல், தீப்பெட்டி, என் சாப்பாட்டுத் தூக்கு. வாசல் காவல்காரர் பையைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

“சூடம், தீப்பெட்டி ஒண்ணும் உள்ள போகப்படாது. தெரியாதா ஒங்களுக்கு?”

தெரியாதா! தினமும் என் ஆபீஸ் வாசலில் நானும் அதே சட்டத்துக்குத்தான் மடியை உதறிக் காட்டுகிறேன். வெடி மருந்து இருக்கிற இடத்தில் பொறிகூட ஆகாது. என் வீட்டுக்காரர் விஷயத்தைச் சொன்னார். காவல்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, உள்ளே பெண்கள் இருக்கிற இடம் என்று என்னை மட்டும் போய்வரச் சொன்னார். சூடத்தையும் அகலையும் தீப்பெட்டியையும் வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே போனேன்.

துணியில் வட்டம் போட்டிருந்த இடத்தில் கிணறு இருந்தது. தூர்ந்து கிடந்ததைக் கம்பெனிக்காரர்கள் தோண்டி எடுத்துச் சுவர் கட்டியிருக்கிறார்கள். நல்ல தண்ணீர். தீ பிடித்தால் ஊற்ற வாளி வாளியாக நிறைத்து வைத்திருந்தார்கள். சாப்பாட்டு நேரம். பெண்கள் கிணற்றடியில் வரிசையாக நின்று மருந்துக் கறை படிந்த கையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கழுவுகிற இடத்தில் வழுக்காமல் இருக்க ஒரு நீளக்கல் போட்டிருந்தார்கள். கிணறு தோண்டும்போது பக்கத்திலேயே கிடைத்த கல் என்றாள் ஒருத்தி. அதுதான் தலைமாட்டில் நட்ட கல்லா, வேறு கல்லா, யார் கண்டது. நான் அதன் மேல் கால் வைக்காமல் ஓரமாக நின்றேன். பழத்தை அந்தப் பெண்களுக்கே கொடுத்துவிட்டேன்.

என்ன செய்வது என்று தெரியவில்லை. ‘அத்தே, ஒங்க மகன் வாசல்ல நிக்காக, உள்ள விடல’ என்று மட்டும் மனசுக்குள் சொன்னேன். பிறகு ஒரு வாளித் தண்ணீர் இறைத்து, என் சாப்பாட்டுத் தூக்கில் நிறைத்து எடுத்துக்கொண்டேன். திருப்பி எழுதிய என் பெயர் உள்ள அதே தூக்கு.

வெளியே வந்து சுற்றிக்கொண்டு மேட்டில் ஏறினோம். ஏறி நின்றால் இரண்டு பக்கமும் தெரிகிறது. இடது கையில் கம்பிக்கு உள்ளே கிணற்றடி. வலது கையில் மாமனாரின் மண் குவியல். என் வீட்டுக்காரர் இப்படியும் அப்படியும் பார்த்தார்.

“இம்புட்டுத்தான் தூரம்” என்றார். “ஒரு ரயில் போற அகலம்.”

கீழே இறங்கி, அத்தையின் கிணற்றுத் தண்ணீரை மாமனாரின் மேல் ஊற்றினோம். கரிசல் வெடித்துக் கிடந்தது. ஊற்ற ஊற்றக் குடித்தது. அப்புறம் அகலை ஏற்றப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து காவல்காரர் கத்தினார். காற்று இந்தப் பக்கமாக அடிக்கிறது, நெருப்பு வைக்காதே என்றார். தீக்குச்சியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன். அவளுக்கும் விளக்கில்லை, இவருக்கும் விளக்கில்லை. அதன் பிறகு வருஷா வருஷம் வந்தோம். ஒரு தூக்குத் தண்ணீர், அவ்வளவுதான். மாமனார் அங்கே போக முடியாததற்கு, அவளிடமிருந்து அதுவாவது வரட்டும் என்று.